மூன்று தராசும் ரெட்டைச் சுழியும்

என்னைப் பற்றி நானே முதன்முதலாக எழுதிய காகிதத்தில், என் பெயருக்கு அடுத்த வரியில் என் பற்களின் எண்ணிக்கை இருந்தது. இதை இத்தனை நாளாகப் பூங்கொடி, சரவணன், உங்கள் இரண்டு பேரிடமும் நான் சொன்னதில்லை. உங்கள் அம்மா அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். அவள் சொல்லுவதெல்லாம் கடைசிப் பகுதி மட்டும்தான், அதுவும் அவளுக்குச் சாதகமாக. ஆகவே முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

போன வாரம் பூங்கொடி கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பா, என்னையப் பத்தி எழுதச் சொல்லுது. என்னத்த எழுத?" என்று கேட்டாள். "உள்ளத எழுது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு தாண்டும் வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் உள்ளதை எழுதியவன். அதன் பலனையும் அனுபவித்தவன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு, கடைசி வருடம். எங்கள் ஊரிலிருந்து திருச்சுழி வரை நடை, அங்கிருந்து பஸ். (பஸ்ஸு வந்தால். வராவிட்டால் கரி லோடு லாரி. லாரியில் போய் இறங்கிய ஒரு நாள், எதிரில் நின்ற என்னை அடையாளம் தெரியாமல் வாத்தியார் ஆப்சென்ட் போட்டுவிட்டார்.)

ஒரு நாள் அந்த வாத்தியார் வகுப்பில் ஒரு காகிதத்தை வாசித்தார். பக்கத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர் வேலைக்குப் பயிற்சி ஆட்கள் எடுக்கிறார்கள், புதன்கிழமை காலையில் பயோடேட்டாவுடன் நேரில் வர வேண்டும். வாசித்து முடித்து, "பயோடேட்டான்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும்ல?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் தலையாட்டியது. கிடை மாடுகள்கூட அத்தனை ஒற்றுமையாகத் தலையாட்டி நான் பார்த்ததில்லை. ஆட்டிய தலைகளில் என் தலைதான் பலமாக ஆடியிருக்கும்.

வெளியே வந்ததும் நானும் என் கூட்டாளி கணேசனும் வேப்பமரத்தடியில் நின்று ஆராய்ச்சி செய்தோம்.

"ஏலே, பயோன்னா என்ன?" என்றேன்.

"உயிரு. பத்தாவதுல பயாலஜி படிச்சோம்ல."

"டேட்டா?"

"வெவரம்."

"அப்ப உயிரு வெவரம். மில்லுக்கு எதுக்குலே நம்ம உயிரு வெவரம்?"

கணேசன் கொஞ்சம் யோசித்தான். "பஞ்சுத் தூசிக்குள்ள வேல. நைட்டு ஷிப்ட்டு வேற. தாங்குவானா, பாதியில விழுந்துருவானான்னு பாக்கணும்ல."

இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. இதற்கு மேல் யாரிடம் கேட்க?

இதில் எனக்கு என்ன அவசரம் என்றும் சொல்ல வேண்டும். என் சின்ன மாமா அப்போது நாக்பூரிலிருந்து வந்திருந்தார். அங்கே அவருக்கு முறுக்குச் சுட்டு விற்கிற தொழில். எங்கள் பக்கத்துப் பையன்கள் பல பேர் அப்படிப் போனவர்கள்தான். மாமா வெள்ளிக்கிழமை ரயில் ஏறுகிறார், போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவது என்று வீட்டில் பேச்சு. அவர் வந்த அன்றே என் முன்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "மாவு பிழிய நல்ல கை மாப்ள" என்றார்.

அப்பா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மில்லுல எடுத்தா இரு. எடுக்கலேன்னா மாமன்கூடப் போ."

முறுக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் இரும்பு அதைவிடப் பிடிக்கும். ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். இடுக்கில் வெளிச்சம் துளிகூட நுழையாமல் உட்கார்ந்துவிட்டால் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதைக் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் எங்கே தேடுவேன்? இந்த ஊரிலேயே, இரும்போடு இருக்க வேண்டும். அதற்கு அந்தப் புதன்கிழமை ஒன்றுதான் வழி. ஆகவே அந்த உயிர் விவரத்தை ஒரு குறையில்லாமல் தயார் செய்வது என்று முடிவு செய்தேன்.

உங்கள் தாத்தா மாட்டுத் தரகர் என்பது உங்களுக்குத் தெரியும். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். எங்கள் வீட்டில் ஓர் உயிரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் பல், அப்புறம் சுழி, அப்புறம் நடை, அதற்கப்புறம்தான் நிறம். பக்கத்து வீட்டுக்குப் புது மருமகள் வந்தபோதுகூட அப்பா, "நட நல்லாருக்கு" என்றார். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, என்னையக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"என்னத்தப் பாக்க?"

"மாட்டப் பாக்குற மாதிரி. மில்லுல கேக்குறாக."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அப்பா சிரிக்கவில்லை. மில்லுக்காரர்களுக்கு இப்போதாவது ஆள் எடுக்கிற முறை தெரிந்ததே என்பது போலத் தலையை அசைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாயத் தெற."

திறந்தேன். கட்டைவிரலால் என் உதட்டைத் தூக்கி எண்ணினார்.

"இருபத்தெட்டு. கடவாயி இன்னும் மொளைக்கல. வயசு கம்மிதான். இன்னும் வெல ஏறும்."

கட்டிலில் படுத்திருந்த மாமா, "மச்சான், துண்டப் போடுங்க. நாக்பூருக்கு நானே பிடிச்சிக்கிறேன்" என்றார்.

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. வேலையில் இருக்கும்போது அவர் அப்படித்தான். "நட" என்றார். வாசலிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை நடந்தேன். "திரும்பு." திரும்பினேன்.

"நட சுத்தம். எடது தோளு ஒரு விரக்கட எறக்கம், அது தண்ணிக் கொடம் சொமந்த தோளு. மெரளாது. வேல சொன்னா செய்யும். ஆனா ஒடனே செய்யாது. ஏன்னு கேக்கும். ஏன்னு சொல்லிட்டோம்னா அப்புறம் நிறுத்தாது."

நான் பென்சிலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். செய்யும், கேக்கும் என்று மாட்டுக் கணக்கில்தான் சொன்னார். ஆனால் அவர் என்னைப் பற்றி அத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. இவ்வளவையும் எப்போது பார்த்தார்? நான் தண்ணீர் தூக்கும்போதா, சோறு தின்னும்போதா? ஏன் என்று நான் கேட்கிறவன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்து என் தலையைக் குனியவைத்துச் சுழி பார்த்தார். பார்த்தவர் விரலால் இரண்டு இடத்தில் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

"என்னப்பா?"

அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா, கையெல்லாம் மாவோடு ஓடிவந்து என் உச்சந்தலையைப் பொத்தினாள். "அத எழுதாத."

"எத?"

"ஒண்ணுமில்ல. நீ பல்ல மட்டும் எழுதிட்டுப் போ."

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ரெட்டச் சுழி மாப்ள. ரெண்டு பொண்டாட்டி யோகம்."

"ஏண்டா தம்பி, ஒனக்கு வாயில வேற வார்த்தையே வராதா?" என்று அம்மா அவர் மேல் பாய்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பத்தொம்பது வருசமா எண்ணெயத் தடவி, வகிட்ட மாத்தி மறைச்சு வச்சிருக்கேன். வெளிய தெரிஞ்சா எவுக பொண்ணு குடுப்பாக?" என்றாள்.

என் வகிடு மட்டும் ஊரில் இல்லாத பக்கமாக இருந்தது. அம்மா அதை அழகுக்காக எடுத்துவிடுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்து ரசித்ததும் உண்டு.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் நானே எனக்கு ஒரு பெரிய அதிசயமாக இருந்தேன். இத்தனை வருடம் கூடவே இருந்திருக்கிறேன், ஒன்றையும் கவனித்ததில்லை. இடது பாதம் வலதைவிடப் பெரிது. எப்போதும் இடது செருப்பே முதலில் அறுந்ததற்கு நான் செருப்புக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். முழங்காலில் இருந்த தழும்பு மாட்டு வண்டியிலிருந்து விழுந்தது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அம்மியில் இடித்துக்கொண்டது என்றாள் அம்மா. என் உடம்பில் நடந்ததே எனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. இன்னும் என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறேனோ என்று ஒரே யோசனை.

எடை பார்க்க வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் சீமைக் கருவேலங் கரி வாங்குகிற டிப்போ ஒன்று இருந்தது. மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு. டிப்போக்காரர் என்னை ஏறவிட்டுக் கம்பியில் குண்டை நகர்த்திப் பார்த்தார். "நாப்பத்தாறு. ஏலே, ஒன்னையக் கரியாவா விக்கப் போறாக?"

நாற்பத்தாறு என்று எழுதிக்கொண்டு திருச்சுழிக்குப் போனேன். அங்கே அப்பாவுக்காகப் புண்ணாக்கு வாங்க வேண்டியிருந்தது. கடையில் அதே மாதிரி தராசு. ஆசை விடவில்லை, ஏறி நின்றேன். ஐம்பத்தொன்று.

இடையில் நான் சாப்பிட்டது ஒரு டீ, இரண்டு வடை. அதற்கு ஐந்து கிலோ ஏறாது. எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போய், ஊசி போட வந்தவன் மாதிரி வரிசையில் நின்று அங்கிருந்த தராசில் ஏறினேன். நாற்பத்தொன்பது.

கரி வாங்குகிற இடத்தில் நான் இளைக்கிறேன். புண்ணாக்கு விற்கிற இடத்தில் கொழுக்கிறேன். ஆஸ்பத்திரியில் நடுவில் நிற்கிறேன். இதில் எவன் நான்?

திரும்பவும் டிப்போவுக்குப் போனேன். தராசின் நடுவில் நின்று பார்த்தேன். பிறகு ஒரு மூலைக்கு நகர்ந்து நின்றேன். கம்பி ஏறியது. இன்னொரு மூலைக்குப் போனேன். இறங்கியது. நாலு மூலைக்கும் போய்க்கொண்டிருந்தபோது டிப்போக்காரர் ஓடிவந்தார்.

"எறங்குலே கீழ. கரகாட்டம் ஆடுறதுக்கா தராசு போட்டிருக்கேன்?"

ஓடிவந்துவிட்டேன். கடைசியில் எது என் எடை என்று முடிவு செய்ய முடியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது என்று மூன்றையும் எழுதினேன், எந்த இடத்தில் எவ்வளவு என்ற குறிப்போடு.

சுழியை எழுதுவதா வேண்டாமா என்றும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சுழியை மறைத்து மாடு விற்றவர்களை அப்பா எப்படித் திட்டுவார் என்று எனக்குத் தெரியும். உயிர் விவரம் கேட்கிறார்கள், அதில் சுழியை ஒளிப்பது மோசடி. அதோடு, எழுதப்போவது இங்கிலீஷில். அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அருப்புக்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். அங்கே இருந்த அக்கா என் காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா தம்பி?"

"மில்லுக்கு அக்கா."

"மில்லுலயா பல்லக் கேட்டாக?"

"எல்லா வெவரமும் கேட்டிருக்காக."

"என்னமோ போ. நான் அடிக்கிறவ. எழுதுனத யோசிக்க ஆரம்பிச்சா எனக்கு ஸ்பீடு போயிரும்" என்று சொல்லி அடிக்க ஆரம்பித்தார். நான் டிக்‌ஷனரி பார்த்து எழுதியிருந்த இங்கிலீஷை அப்படியே அடித்தார். நடை, க்ளீன். சுழி என்று வந்ததும் விரல் நின்றது. "இதுக்கு இங்கிலீஷ் என்ன?"

எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. டிக்‌ஷனரி இங்கிலீஷிலிருந்து தமிழுக்குப் போகிற டிக்‌ஷனரி, அதில் திரும்பி வர வழியில்லை. கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். விலாசத்தில் என் ஊருக்குக் கீழே திருச்சுழி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். அதன் வாலை மட்டும் வெட்டி எடுத்து, 'சுலி, டூ' என்று அடித்தார். ஓரத்தைச் சுற்றி நட்சத்திரப் புள்ளிகளால் ஒரு கட்டம் வேறு போட்டுக்கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அவ்வளவு அழகான காகிதத்தை என் கையில் நான் அதுவரை பிடித்ததில்லை.

புதன்கிழமை மில் வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கணேசனும் நின்றான். முந்தின நாள் அவன் ஐ.டி.ஐ.க்கு வரவில்லை, விருதுநகரில் அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தான். அவன் கையில் இருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, படிப்பு, தெரிந்த மொழிகள். பல்லைக் காணோம்.

"ஏலே, என்னது இது? உயிரு வெவரம் எங்க?"

"அதெல்லாம் இல்லையாம்லே. அண்ணன் சொன்னாக. நம்ம படிச்சது, பொறந்தது, இதத்தான் எழுதணுமாம். ஒனக்குச் சொல்லணும்னுதான் வெரசா வந்தேன்." அவன் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். வாசிக்க வாசிக்க அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "ஏலே பாண்டி, நீ நெசமாவே பல்ல எண்ணுனியா?"

"நீதான சொன்ன."

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்லே."

வேறு காகிதத்தில் எழுதிவிடலாம் என்று நான் பேனாவைத் தேடுவதற்குள் ஒருவர் வந்து எல்லாருடைய காகிதத்தையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நட்சத்திரக் கட்டம் போட்ட என் காகிதம் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பெரிதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று புரிந்தது. முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஃபோர்மேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"தம்பி, இது என்ன?"

"என் பயோடேட்டா சார்."

"பல் இருபத்தெட்டு?"

"ஆமா சார். கடவாய்ப் பல் இன்னும் வரல. வந்ததும் சொல்றேன் சார்."

(இதை நான் சொன்னேன் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.)

"ஒன் படிப்பு எங்கப்பா? ஐ.டி.ஐ.ன்னு ஒரு வார்த்தகூட இல்லையே?"

"அது ஒடம்புல இல்லையே சார்."

மேனேஜர் மேஜையில் கவிழ்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. நிமிர்ந்து, "மாட்டுச் சந்தைக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

"எங்க அப்பா மாட்டுத் தரகர் சார். அவுகதான் பாத்துச் சொன்னாக."

அடுத்த அறையில் தட்டிக்கொண்டிருந்த டைப்ரைட்டர் நின்றது. கதவுப் பக்கம் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. மேனேஜர் காகிதத்தில் விரலை வைத்தார். "நடை க்ளீன். சரி. சுலி டூ. இது யாரு சுலி?"

"சுழி சார். தலையில இருக்கும்ல, அது."

"ரெண்டா? காட்டு."

குனிந்து காட்டினேன். வேலை கேட்டுப் போன இடத்தில், மேனேஜர், ஃபோர்மேன், கதவோரம் நின்ற கணக்கர்கள் எல்லாரும் என் உச்சந்தலையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அம்மா மறைத்து வைத்திருந்தது இரண்டு நிமிடத்தில் ஆபீஸ் பார்வைக்கு வந்துவிட்டது.

"தலையில ரெண்டு. ஊர்ல ஒண்ணு. ஆக மொத்தம் மூணு சுழி" என்றார் மேனேஜர். "நீ சாதாரண ஆளில்ல. பெரிய 'ண' நீ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அழுதுவிடுவேன் என்பதால். நாக்பூர் எண்ணெய்ச் சட்டியின் வாசம் அங்கேயே என் மூக்கில் அடித்தது.

ஃபோர்மேனும் சிரித்தார். ஆனால் காகிதத்தை வாங்கி வாசித்துக்கொண்டே வந்தவர் எடை என்ற வரியில் நின்றுவிட்டார். சிரிப்பும் அங்கேயே நின்றது.

"மூணு எடை போட்டிருக்கியே, ஏன்?"

"ஒண்ணுக்கொண்ணு சேரல சார்."

"எது சரி?"

"மூணுமே சரியில்ல சார். ஆஸ்பத்திரித் தராசு ஆளு ஏறுறதுக்கு முன்னாடியே முள்ளு ஒண்ணுல நிக்குது. டிப்போத் தராசு நடுவுல நின்னா ஒண்ணு காட்டுது, மூலையில நின்னா ஒண்ணு காட்டுது. புண்ணாக்குக் கடையில படிக்கல்ல வச்சுப் பாக்கலாம்னு கேட்டேன். கடைக்காரரு கல்லக் குடுக்கல."

"அப்ப நீ எத்தன கிலோ?"

"தெரியல சார். அதான் மூணையும் எழுதுனேன்."

ஃபோர்மேன் எழுந்தார். "வா" என்றார். பஞ்சு குடோனுக்குக் கூட்டிப்போனார். அங்கே பஞ்சுப் பொதி நிறுக்கிற பெரிய மேடைத் தராசு தரையோடு தரையாகக் கிடந்தது. "ஏறு."

நடுவில் ஏறி நின்றேன். நாற்பத்தெட்டு. எனக்குக் கால் நிற்கவில்லை. வேலை போனால் போகிறது, இந்தத் தராசு எப்படி என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மூலைக்கு நகர்ந்தேன். நாற்பத்தெட்டு. அடுத்த மூலை. நாற்பத்தெட்டு. மூன்றாவது மூலையும் அப்படியே. நாலாவது மூலையில் நாற்பத்தாறரை.

"சார், இந்த மூலை அமுங்குது."

"ஏன்?"

"தெரியல சார். தெறந்து பாத்தாத்தான் தெரியும்."

அவர் என்னையும் அந்த மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாங்க வாங்குன பஞ்சுக்கும் நூலுக்கும் எடை சேரலன்னு ரெண்டு மாசமா எங்க எங்கயோ தேடிட்டு இருக்கோம்" என்றார். அதில் பாராட்டு ஒன்றும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. திரும்பி வந்து மேனேஜரிடம், "ஃபிட்டருக்கு வேற பையனப் பாத்துக்கங்க. இவனத் தராசு ரூமுக்குப் போட்டுக்கிறேன்" என்றார்.

மேனேஜர் என் காகிதத்தின் மேலே பச்சை மையில் எதையோ எழுதினார். தலைகீழாக இருந்தும் என்னால் வாசிக்க முடிந்தது. 'மூணு சுழி, தராசு' என்று எழுதியிருந்தார். என் பெயரை எழுதவில்லை. மில்லில் இருந்த வருடங்கள் முழுக்க, கூலி வாங்குகிற இடத்தைத் தவிர வேறெங்கும் யாரும் என்னைப் பாண்டி என்று கூப்பிட்டதில்லை.

ஃபிட்டர் பயிற்சி கணேசனுக்குக் கிடைத்தது. அவன் எனக்கு முந்தின பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான். அது போதாதா? நான் திருச்சுழியில் இறங்கும்போது டீக்கடையில், "என்ன தம்பி, மில்லுல தலையக் காட்டுனியாமே?" என்று கேட்டார்கள்.

வீட்டு வாசலில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "நான் எண்ணெயத் தடவி மறைச்சு வச்சேன். இவன் அத டைப் அடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கான்" என்றாள். வேலை கிடைத்ததைச் சொன்னேன். "கெடைக்கட்டும். பொண்ணு யாரு குடுப்பா?" என்றாள்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பல்லப் பாத்தாகளா?"

"வாசிச்சாகப்பா. தெறந்து பாக்கல."

"அப்ப வேலைக்கு ஆள் எடுக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்.

மாமா வெள்ளிக்கிழமை தனியாக ரயில் ஏறினார். போகும்போது என் முன்கையை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

தராசு ரூமில் அந்த மூலையைத் திறந்தோம். உள்ளே கத்தி போல் இருக்கிற இரும்புத் தாங்கி ஒன்று தேய்ந்திருந்தது. அதை நானே ராவிப் புதிதாக உட்காரவைத்தேன், வெளிச்சம் நுழையாமல். அன்று பிடித்த பைத்தியம்தான். பிறகு மில்லை விட்டு வந்து பஜாரில் தராசு பழுது பார்க்கிற கடை போட்டேன். உங்கள் பள்ளிக்கூடச் சம்பளம் அதிலிருந்துதான் போயிற்று. (அந்தக் கரி டிப்போத் தராசும் ஒரு நாள் என் கடைக்கே வந்தது. நாலு மூலையிலும் ஆடிப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.)

இனி உங்கள் அம்மா சொல்கிற பகுதி. நரிக்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். அம்மா அன்றைக்கும் என் தலையில் அரைப் படி எண்ணெய் ஊற்றியிருந்தாள். பெண் காப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ரெட்டச் சுழியாமே? கணேசன் எங்க சித்தி மகன்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். காப்பி எனக்குப் புரையேறியது. அவளே பிறகு அவள் அப்பாவிடம், "பரவால்ல, சம்மதம்னு சொல்லுங்க" என்று சொன்னாளாம். ஏன் சொன்னாள் என்று இன்றுவரை கேட்கிறேன், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கல்யாணமான மறு வாரமே அவளுக்கு ரெட்டைச் சுழி விஷயம் புரிந்துவிட்டது. விடிந்தால் தராசு, பொழுது போனால் தராசு. விருந்துக்குப் போன வீட்டில்கூட நான் வாசலுக்கு வந்த காய்கறிக்காரரின் தராசைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து யார் வந்து "அண்ணன் இல்லையா?" என்று கேட்டாலும் உங்கள் அம்மா, "மூத்தவ வீட்டுக்குப் போயிருக்காக" என்றுதான் சொல்லுவாள். புதிதாக வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள். கடைக்குப் போயிருக்கிறேன் என்று விளக்கம் சொல்ல அவள் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை.

போன வாரம் நான் கடையிலிருந்து திரும்பியபோது பூங்கொடி எழுதி முடிக்கிற நேரம். படிப்பு, மொழி, ஆர்வம் எல்லாம் நிரப்பிவிட்டாள். சரவணன் பக்கத்தில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை வாசித்தால் இவள் எப்படிப்பட்டவள் என்று தெரியவில்லை. நடை சுத்தம், மிரளாது, ஏன் என்று கேட்கும் என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள், "அம்மா பேரும் கேட்டிருக்குப்பா" என்றாள்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"மூத்தவ பேரையும் சேத்து எழுதிரு. பின்னால பெரச்சன வரும்."